பத்தாம் நாள் நடக்காத தங்கச்சிக்கு

தங்கச்சி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

பரந்தன் பக்கம் வீடு. வயது 38. கந்தோரில் நாள் முழுக்கக் கதிரை வேலை. போன வருடக் கடைசியில் கிளினிக்கில் வெறுவயிற்றுச் சீனி 112 என்று வந்திருக்கிறது. "இன்னும் சீனி வருத்தம் இல்லை, ஆனால் ஓரத்தில் நிற்கிறீர்கள், நடவுங்கள்" என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கி ஒன்பது நாள் நடந்தீர்கள். பத்தாம் நாள் சின்னவனுக்குக் காய்ச்சல், நடக்கவில்லை. பதினோராம் நாளும் இல்லை. அதோடு விட்டுப்போயிற்று. சித்திரைக்குப் பிறகு திரும்பத் தொடங்கினீர்கள். ஆறாம் நாள் ஒழுங்கையில் ஒருத்தி "நடந்தும் மெலியேல்லையே" என்று கேட்டாள். அதுவும் நின்றது. ஒவ்வொரு முறையும் "நான் ஒரு சோம்பேறி, ஒண்டுக்கும் உதவாதவள்" என்று உங்களையே ஏசிக்கொண்டிருக்கிறீர்கள். போன கிழமை உங்கள் ஒன்பது வயது மகள் கணக்குப் பிழைத்தவுடன் பென்சிலை எறிந்துவிட்டு, "நான் ஒரு மொக்கு, ஒண்டுக்கும் உதவமாட்டன்" என்றாளாம். உங்கள் வசனம் அவள் வாயில் வந்ததைக் கேட்டுத்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

கேட்டது இரண்டு. இந்த ஏச்சை எப்படி மாற்றுவது? என்மேல் நானே இரக்கப்பட்டால் இன்னும் சோம்பேறியாகிவிடமாட்டேனா, ரீச்சர்?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தப் பயம் போகாமல் முதலாவதைச் செய்யவே மாட்டீர்கள். ஏச்சுத்தான் உங்களைக் கொஞ்சமாவது எழுப்பி வைத்திருக்கிறது, அதை விட்டால் பாயிலேயே கிடந்துவிடுவீர்கள் என்று உள்ளுக்குள் நம்புகிறீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். 26 வருடம் வன்னிப் பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் பாடம் படிப்பித்தவள் நான். ஏசித்தான் பிள்ளைகளை ஓட வைத்தேன். ஏசினால் ஓடுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்ததை எப்படி நம்பாமல் விடுவது?

நான் பார்த்தது சரி. அதற்கு வைத்த காரணந்தான் பிழை. நீளம் பாயும் பிள்ளை ஒருத்தி இருந்தாள். வழமையாக 4 மீற்றருக்குக் கொஞ்சம் கூட, குறைய பாய்வாள். ஒரு நாள் 3.60 பாய்ந்தாள். "என்னடி, சாப்பிடேல்லையோ, தடி மாதிரி விழுறாய்" என்று ஏசினேன். அடுத்த பாய்ச்சல் 4.05. பாருங்கள், ஏசினேன், திருந்தினாள்! இன்னொரு நாள் 4.40 பாய்ந்தாள். புகழ்ந்தேன். அடுத்தது 4.00. பாருங்கள், புகழ்ந்தால் தலைக்கனம்! இப்படித்தான் கணக்குப் போட்டேன். உண்மையில் அவள் தன் வழமைக்குத்தான் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்துகொண்டிருந்தாள். மிக மோசமான ஒரு பாய்ச்சலுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் அதைவிட நல்லதாகத்தான் இருக்கும், நாம் ஏசினாலும் ஏசாவிட்டாலும். மிக நல்ல ஒன்றுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் கொஞ்சம் குறையும். 2002 இல் நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டானியல் கானமன், இஸ்ரேலிய விமானப்படையில் பயிற்சி கொடுப்பவர்கள் இதே மயக்கத்தில் இருந்ததைக் கண்டதாக எழுதியிருக்கிறார். "பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், திட்டினால் திருந்துகிறான்" என்று அவர்கள் அடித்துச் சொன்னார்களாம். அதை வாசித்த அன்று எனக்கு அந்தப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் ஒரு போட்டியில் தோற்ற பிறகு மைதானத்துக்கு வருவதையே விட்டுவிட்டாள். ஏச்சுக்குப் பயந்து வராமல் போனவர்கள் என் கணக்கில் ஏறவேயில்லை. வந்தவர்களை மட்டும் வைத்துத்தான் ஏச்சு வேலை செய்கிறது என்று நினைத்திருந்தேன்.

உங்கள் விஷயத்திலும் இதுதான். ஏசிய அடுத்த நாள் எழும்பி நடந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கிறது. ஏச்சுக்குப் பயந்து சப்பாத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போன கிழமைகளைச் சோம்பல் என்ற கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற இரண்டு பேர் செய்த ஆய்வு 2012 இல் வெளியானது. மாணவர்களுக்குக் கடினமான சொற்பரீட்சை ஒன்று வைத்தார்கள், எல்லோருக்கும் குறைவான புள்ளி. ஒரு பகுதியினரிடம் மட்டும் "இந்தப் பரீட்சை பலருக்கும் கஷ்டம், உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள்" என்ற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார்கள். இரண்டாம் பரீட்சைக்கு முன்னர் கூடுதல் நேரம் படித்தது அந்தப் பகுதியினர்தான். 2007 இல் வெளியான இன்னொன்று சாப்பாட்டைப் பற்றியது. உணவுக்கட்டுப்பாட்டில் இருந்த பெண்களுக்கு டோனட் சாப்பிடக் கொடுத்துவிட்டு, சிலரிடம் "எல்லோரும்தான் இதைச் சாப்பிடுகிறார்கள், இதற்காக உங்களை வருத்தாதீர்கள்" என்றார்கள். பிறகு இனிப்பு வகைகளை முன்னால் வைத்தபோது, ஆறுதல் கேட்டவர்கள் குறைவாக எடுத்தார்கள். ஆறுதல் கேட்காதவர்கள்தான் கூட எடுத்தார்கள்.

நம் ஊர்ப் பேச்சில் இதற்கு விளக்கம் ஏற்கனவே இருக்கிறது. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்பார்களே, அதேதான். நாள் பத்தில் நடக்காதது ஒரு சின்னத் தூறல். "நான் உதவாதவள்" என்ற தீர்ப்புத்தான் முழுக்க நனைக்கிறது. தீர்ப்பு விழுந்த பிறகு பதினோராம் நாள் நடந்து என்ன ஆகப்போகிறது என்று மனது கேட்கும். கலியாண வீட்டில் ஒரு லட்டுச் சாப்பிட்டதோடு நில்லாமல், "இண்டைக்குக் கெட்டது கெட்டாச்சு" என்று பின்னேரம் மிக்சரும் சோடாவும் போவது இதனால்தான்.

பத்தாம் நாள் நடக்காததால் ஒன்றும் குடிமுழுகவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் கூட்டாளிகளும் 96 பேரை 12 கிழமை கவனித்து, ஒரு புதுப் பழக்கம் தானாக வர எவ்வளவு நாள் எடுக்கிறது என்று பார்த்தார்கள். ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்குக் கணக்குப்படி 254 நாள், நடுத்தரமாக 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று போனில் சுற்றும் செய்தியை நம்பித்தான் பலர் இருபத்திரண்டாம் நாள் தங்களை ஏசத் தொடங்குகிறார்கள்.

என் அப்பா முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே வயல் செய்தவர். காலபோகத்தில் விடிய மண்வெட்டியோடு ஒரு சுற்றுப் போவார். ஏதாவது ஒரு துண்டில் தண்ணீர் இறங்கியிருந்தால் வரம்பின் வெளிப்பக்கமாக ஆறுதலாக நடப்பார். எங்கேயோ ஓரிடத்தில் நூல்போலத் தண்ணீர் கசியும். அங்கே குந்தி, கையை உள்ளே விட்டுப் பார்ப்பார். நண்டு வளையாக இருக்கும். ஒரு பிடி புல்லைச் சேற்றோடு உருட்டித் திணித்து, காலால் மிதித்து இறுக்கி, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார். வரம்பை அவர் ஏசி நான் கேட்டதில்லை. அதே வரம்பு அடுத்த கிழமை வேறிடத்தில் ஒழுகும், திரும்பவும் குந்துவார்.

உங்கள் நடையில் இரண்டு நண்டு வளை இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, பிள்ளைக்கு வருத்தம் வந்தால் வெளியில் போக முடியாது, வீட்டுக்குள் செய்ய ஒன்றும் யோசித்து வைக்கவில்லை. மற்றது, தெருவில் விழும் சொல். இரண்டும் வேறு வேறு ஓட்டை, இரண்டுக்கும் அடைப்பு வேறு. "சோம்பேறி" என்று ஒரே சொல்லைப் போட்டவுடன் இரண்டும் மறைந்துபோயின. ஏச்சில் எனக்குப் பெரிய மனக்குறை இதுதான், தங்கச்சி. அது மனதை நோகடிப்பது ஒருபக்கம் இருக்க, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கவும் விடாது.

சரி, எப்படி மாற்றுவது?

முதலில் அந்தக் குரலை மாற்ற முயற்சிக்காமல் மூன்று நாள் கேட்டு எழுதுங்கள். மகளின் பழைய கொப்பி போதும். என்ன சொல்லிற்றோ அதை அப்படியே எழுதவேண்டும், திருத்தக்கூடாது. நடைக்குப் போகாதபோது மட்டுமல்ல, சட்டை இறுக்கமானபோது, சொதியில் உப்புக் கூடியபோது, கந்தோரில் கோப்பு ஒன்றைத் தவறவிட்டபோது எல்லாம் எழுதுங்கள். எங்கள் மாலை ஆறுமணி நடைக் குழுவில் வரும் ஒரு அக்கா இப்படி எழுதிக்கொண்டுவந்து காட்டினார். ஒரே நாளில் 14 வரி. "மாடு", "மூதேவி", "பன்னாடை", "கிழவியாகியும் புத்தியில்லை". எழுதும்வரை தான் இவ்வளவு ஏசுகிறேன் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, "இதைப் பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட நான் சொல்லமாட்டன், ரீச்சர்" என்றார்.

எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் குரல் யாருடையது? "நான்" என்று பேசுகிறதா, "நீ" என்றும் "-டி" என்றும் பேசுகிறதா? பலருக்கு அது அம்மாவின் குரல், அல்லது பெரியம்மாவின், அல்லது என்னைப்போல ஒரு ரீச்சரின் குரல். இங்கே அம்மாமாரைக் குறை சொல்ல நான் விடமாட்டேன். நீங்கள் வளர்ந்த காலம் என்ன காலம்? இரவு பாதியில் எழுப்பி, ஒரு பையில் உடுப்பைத் திணித்து, பங்கருக்குள் இறக்கிய அம்மாமார் அவர்கள். "எழும்படி மாடே, ஓடு" என்று அவர்கள் கத்தியதில் பிள்ளைகள் உயிர் தப்பியிருக்கிறார்கள். அப்போது மெதுவாகச் சொல்ல நேரமில்லை. அந்தக் கடுமைக்குள் இருந்தது முழுக்கப் பாசம். அந்த அவசரக் குரல் நம் தலைக்குள் தங்கிவிட்டது. 2009 இல் சண்டை முடிந்து இவ்வளவு வருடம் ஆன பிறகும், விடிய ஐந்தரைக்குச் சப்பாத்துப் போடும் சின்ன வேலைக்கும் அதே சத்தத்தில் கூப்பிடுகிறது. அதை எதிரியாகப் பார்க்காதீர்கள். "நீ அப்போது காப்பாற்றினாய், இதற்கு இவ்வளவு சத்தம் தேவையில்லை" என்று சொன்னால் போதும்.

இதோடு ஒட்டிய ஒன்று இருக்கிறது. யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், ஆனால் வன்னியில் பல பெண்களிடம் நான் கேட்டிருக்கிறேன். "அவ்வளவு சனம் போய்ச் சேர, நான் மட்டும் உடம்பு பார்த்துக்கொண்டு திரியிறதோ?" தன்னைக் கவனிப்பதே ஒரு குற்றம்போல இருக்கும். உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஆனால் இதை வாசிக்கிற யாருக்காவது இருந்தால், அது சோம்பல் அல்ல, துக்கம். துக்கத்தை ஏசித் துரத்த முடியாது. நம்பிய ஒருவரோடு இருந்து கதைக்கவேண்டும். நடக்கும்போது கதைப்பது இருந்து கதைப்பதைவிட லேசு என்பதை எங்கள் குழுவில் பலமுறை கண்டிருக்கிறேன். முகம் பார்க்கத் தேவையில்லை அல்லவா.

இனி வார்த்தையை மாற்றுவது. இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று "நான் அழகி, நான் வெற்றி பெறுவேன்" என்று சொல்லச் சொல்லும் காணொளிகள் நிறைய. அதைச் செய்யாதீர்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வூட் என்பவரும் கூட்டாளிகளும் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைப் பற்றி ஏற்கனவே தாழ்வாக நினைப்பவர்கள் "நான் அன்புக்குரியவள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களுக்கு மனம் இன்னும் கீழேதான் போனது. மனது பொய்யைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கவேண்டும். அன்பான குரல் புகழவேண்டும் என்றில்லை.

தன்மேல் தானே பரிவு காட்டுவதைப் பற்றி ஆராயும் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003 இல் அந்தப் பரிவை மூன்றாகப் பிரித்தார். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் பார்ப்பது, இது எனக்கு மட்டும் நடப்பதல்ல என்று நினைப்பது, தன்னோடு கனிவாக இருப்பது. நான் எங்கள் குழுவில் இதோடு ஒன்றைச் சேர்ப்பேன். வசனம் ஒரு வேலையில் முடியவேண்டும். வேலையில் முடியாத ஆறுதல் சமாளிப்பாகிவிடும், நீங்கள் பயப்படும் அந்தச் சோம்பலும் அதில்தான் இருக்கிறது.

உங்கள் பத்தாம் நாளையே எடுப்போம். ஏச்சு என்ன சொல்லிற்று? "ஒன்பது நாளில் முடிஞ்சுது உன்ர வீரம், சோம்பேறி." மாற்றிச் சொன்னால் இப்படி வரும்: "இரவு முழுக்கப் பிள்ளைக்கு நெற்றி துடைச்சிருக்கிறாய். நித்திரை இல்லை. எந்தத் தாயும் இண்டைக்கு நடக்கமாட்டாள். பின்னேரம் அவன் உறங்கினால் விறாந்தையில் பத்து நிமிஷம் நட." இதில் பொய் இருக்கிறதா? புகழ்ச்சி இருக்கிறதா? இல்லை. செய்ய ஒரு வேலை மட்டும் இருக்கிறது.

உண்மையிலேயே சோம்பிய நாளும் வரும். காய்ச்சலும் இல்லை, மழையும் இல்லை, போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். அன்று "பாவம், களைச்சுப்போனாய்" என்று சொன்னால் அதுவும் பொய். "இண்டைக்குப் போக விருப்பமில்லாமல் போகேல்லை. போன் தலைமாட்டில் கிடந்தது. இரவு அதைக் குசினியில் சார்ஜில் போடு" என்பதுதான் அன்பான குரல். குற்றத்தை ஒத்துக்கொள்ளும், ஆனால் ஆளை உதவாதவள் என்று ஒதுக்காது.

இன்னொரு சின்ன விஷயம். மேலே எழுதிய வசனங்களில் "நீ" என்று எழுதினேன், கவனித்தீர்களா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஈதன் குரோஸ் என்பவரும் கூட்டாளிகளும் 2014 இல் காட்டியது இது. பதற்றமான நேரத்தில் "நான்" என்று யோசிக்காமல், தன் பெயரைச் சொல்லி அல்லது "நீ" என்று தன்னோடு கதைப்பவர்கள் அந்தப் பதற்றத்தைக் கூடுதல் நிதானத்தோடு கையாண்டார்கள். வெளியில் நின்று பார்ப்பதுபோல ஒரு தூரம் கிடைக்கிறது. நமக்கு இதற்கு இன்னும் நல்ல வசதி இருக்கிறது. அம்மம்மா உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்? பிள்ளை, குஞ்சு, ராசாத்தி, ஏதாவது ஒன்று இருந்திருக்கும். அந்தப் பெயரால் உங்களைக் கூப்பிட்டுவிட்டு, அதே மூச்சில் "மூதேவி" என்று முடிக்கப் பாருங்கள். நாக்கு வராது.

எங்கள் குழுவுக்கு வரும் தம்பி ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை, பொய்க்கால் போட்டு நடப்பவர். மைதானத்து ஓரச் சீமெந்துக் கட்டின்மேல் இருந்து, பொய்க்காலைக் கழற்றி, உறையை உருவி, மிச்சக் காலைத் துணியால் ஒற்றித் துடைப்பார். வெக்கை நாட்களில் உறைக்குள் வியர்வை கட்டித் தோல் உரசிச் சிவந்திருக்கும். துடைத்துக்கொண்டே காலைப் பார்த்து, "என்ன ராசா, இண்டைக்கு நோகுதோ? சரி, இண்டைக்கு ஒரு சுற்றுப் போதும்" என்பார். பகிடிக்காகச் சொல்வதில்லை. அவ்வளவு கவனமாகச் சொல்வார். தோல் புண்ணாகினால் கிழமைக்கணக்கில் பொய்க்கால் போடமுடியாது என்பது அவருக்குத் தெரியும். முதல் இரண்டு வருடம் அந்தக் காலை வெறுத்து, நோவைப் பொறுத்து, வீம்புக்கு நடந்து, புண்ணாக்கி, திரும்ப ஊன்றுகோலுக்குப் போனதாகச் சொன்னார். காலோடு கதைக்கத் தொடங்கிய பிறகுதான் ஒழுங்காக நடக்கிறார். இப்போது ஒரு நாள் ஐந்து சுற்று, ஒரு நாள் ஒன்று. ஒரு சுற்று நடந்த நாளை அவர் தோற்ற நாளாக எழுதுவதில்லை. நான் 26 வருடம் படிப்பித்ததில் கிடைக்காத பாடத்தை அந்தச் சீமெந்துக் கட்டில்தான் படித்தேன்.

உடம்பு வேலை செய்யும் நேரத்தில் அறிவுரை வசனம் எல்லாம் நினைவுக்கு வராது. அதற்குச் சின்னச் சொற்கள் வேண்டும். விளையாட்டு உளவியலில் இதைப் பற்றி நிறைய ஆய்வு இருக்கிறது. எப்படிச் செய்வது என்று சொல்லும் சொல்லும், தெம்பு தரும் சொல்லும் உண்மையிலேயே உதவுகின்றன. "தோளை விடு", "மூச்சை ஊது", "அந்தப் பாலை மரம் வரைக்கும்" என்று வைத்துக்கொள்ளுங்கள். பரந்தன் பக்கம் பாலை மரம் இல்லாவிட்டால் மின்கம்பத்தை எண்ணுங்கள்.

இனி உங்கள் இரண்டு நண்டு வளை. காய்ச்சல் நாளுக்கும் மழை நாளுக்கும் ஒரு வீட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது பத்துமுறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்துமுறை, விறாந்தையில் பத்து நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் சொன்னது கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை. கொஞ்சம் செய்வதும் ஒன்றும் செய்யாததைவிட நல்லது என்றும் அதிலேயே இருக்கிறது. ஐந்து நாள் அரைமணி நடந்தால் 150 வந்துவிடும். இரண்டு நாள் வீணாகலாம் என்று கணக்கிலேயே இடம் இருக்கிறது, கவனியுங்கள். சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடப்பது சாப்பாட்டால் ஏறும் சீனியைக் குறைக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். உங்களைப்போல ஓரத்தில் நின்ற 3,000 பேருக்கு மேல் சேர்த்து அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2002 இல் வெளியானது. கிழமைக்கு 150 நிமிட அசைவும், உடல் எடையில் 7 சதவீதக் குறைப்பும் இலக்காக வைத்தவர்களில் சீனி வருத்தம் வருவது 58 சதவீதம் குறைந்தது. 70 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்றால் 5 கிலோவுக்கும் குறைவு. ஒழுங்கையில் கேட்டவளின் கண்ணுக்கு அது தெரியாமலே போகலாம், உங்கள் இரத்தத்துக்குத் தெரியும்.

அவளுக்கு என்ன சொல்வது என்று யோசிப்பீர்கள். "சீனிக்கு நடக்கிறன் அக்கா, மெலியிறதுக்கு இல்லை. நீங்களும் வாங்கோவன்" என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போங்கள். நின்று விளக்கம் கொடுக்க வேண்டாம். அவள் வருவாள் என்றும் எனக்கு ஒரு எண்ணம். நம் பக்கத்தில் பெண்கள் தனியே நடந்தால் சனம் பார்க்கும், மூன்று பேர் சேர்ந்தால் பார்க்காது. நாய்த் தொல்லையும் குறையும். வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சொல்: ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் யானை வரும் ஊர்களில் இருப்பவர்கள் விடியமுன் இருட்டில் நடக்க வேண்டாம், வெளிச்சம் வரட்டும்.

மகளைப் பற்றி. அவளைக் கூப்பிட்டு "அப்படிச் சொல்லக்கூடாது" என்று புத்தி சொன்னால் அதுவும் இன்னொரு ஏச்சாகத்தான் கேட்கும். ஏசப் பழகியது உங்களைப் பார்த்து, மாறப் பழகுவதும் உங்களைப் பார்த்துத்தான். அவள் கேட்கும்படி வாய்விட்டுத் திருத்துங்கள். புட்டு அவிக்கும்போது தண்ணீர் கூடிக் களியாகிவிட்டால் "சீ, உதவாதவள்" என்று வாய்வரை வரும். வரட்டும். பாதியில் நிறுத்தி, "இல்லை, தண்ணி கூடிப்போச்சு, இன்னும் கொஞ்சம் மா போடுவம்" என்று அவளுக்குக் கேட்கச் சொல்லுங்கள். அவள் கணக்குக்கும் அதுதான் வழி. எந்த வரியில் பிழைத்தது என்று இருவரும் குந்தி இருந்து தேடுங்கள், அப்பா வரம்பில் தேடியதுபோல. ஒரு நாள் நேரம் பார்த்து, "நான் என்னை ஏசுறதைக் கேட்டிருப்பாய். அது பிழை. நானும் இப்ப பழகுறன்" என்றும் சொல்லுங்கள். அம்மா பழகுகிறாள் என்று கேட்கும் பிள்ளைக்குத் தானும் பழகலாம் என்று தோன்றும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஏச்சு "சோம்பேறி" என்பதைத் தாண்டி "நான் இருந்து என்ன பயன்" என்ற இடத்துக்குப் போனால், இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் குழம்பி ஒன்றிலும் மனம் பற்றாமல் இருந்தால், கொப்பியும் நடையும் மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் இருக்கிறது, போங்கள். இரவில் தாங்க முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். சீனிக்குக் கிளினிக் போவதில் வெட்கமில்லை, இதிலும் வெட்கம் வேண்டாம்.

எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்பீர்கள். அந்தப் பழைய குரல் முற்றாக நிற்காது. எனக்கு இன்றும் கேட்கிறது. முன்பெல்லாம் அது தொடங்கினால் நாள் முழுக்க ஓடும், இப்போது இரண்டாம் சொல்லில் பிடித்துவிடுகிறேன். பிடித்தவுடன் அதை ஏசவேண்டாம், "ஏன் திரும்பவும் என்னை ஏசினேன், இதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியேல்லை" என்று இன்னொரு சுற்றுத் தொடங்கும். பலர் அதில் சிக்குகிறார்கள்.

முதல் நாலு நாளும் நடை வேண்டாம், கொப்பி மட்டும். மூன்று நாள் எழுதுங்கள். நாலாம் நாள் அதில் மிகக் கொடிய வரி ஒன்றை எடுத்து, நடந்தது என்ன, யாருக்கும் நடக்குமா, இனி என்ன செய்வது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஐந்தாம் நாள் பத்து நிமிடம் நடவுங்கள், அதற்கு மேல் கால் இழுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அடுத்த கிளினிக்கில் சீனி எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள். மகள் அந்தக் கணக்கைத் திரும்பச் செய்தாளா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.